மருந்து ஆய்வுக்கு மரபணு வேறுபட்ட சுண்டெலிகள் எதற்கு?

20 தலைமுறைக்கு மேல் உடன்பிறந்தவற்றையே இணைசேர்த்து வளர்த்த ஆய்வகச் சுண்டெலிகள் மரபணுவில் அச்சு அசல் ஒன்றே. கிருஷ்ணகிரியில் ஒரே தாய்மரத்து பெங்களூரா ஒட்டுக்கன்றுகளால் நிரப்பிய மாந்தோப்பு மாதிரி. கொட்டை போட்டு முளைத்த மரங்களைப் பாருங்கள்: காயின் மூக்கு, புளிப்பு, நோய் தாங்கும் சக்தி எல்லாமே மரத்துக்கு மரம் மாறும். மனிதர்களும் அப்படித்தான். ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவரின் ஈரலைக் கெடுக்கும். ஒட்டுத்தோப்பில் அது தெரியவே தெரியாது.

அதனால்தான் 8 மூல எலி வகைகளைக் கலந்து ‘டைவர்சிட்டி அவுட்பிரெட்’ எலிகளை உருவாக்கினார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பதால் அதே எலியை மறுபடி வாங்க முடியாது. பத்து இருபது எலியோடு நிறுத்தினால், மருந்து எலிக்கு எலி வேறுபடக் காரணமான மரபணு சிக்காது. பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் வேண்டும், ஒவ்வொன்றின் வால்நுனியிலும் டி.என்.ஏ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

8 மூல வகைகள் என்றால் 8 மனித இனங்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, மனிதரிடையே உள்ளதைப் போன்ற பரந்த மரபணு வேறுபாடு கிடைக்கவே அந்தக் கலப்பு.