ஆஸ்பென் மரத்தில் ஆட்டுக்காரர்கள் கீறிவிட்டுப் போன எழுத்துகளில் நம்பிக்கை கிடைக்குமா?

"அமெரிக்க மலைக்காடுகளில் அந்தக் காலத்து ஆட்டுக்காரர்கள் மரத்தில் கீறிய பெயரையும் சிலுவையையும் பார்த்துவிட்டு, இழந்த நம்பிக்கை திரும்பக் கிடைத்தது என்கிறார்களே, இது வெறும் மனப்பிரமைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார், நீங்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். அப்படிச் சொல்கிற ஆட்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று: மரத்தில் சாமி தெரிந்தது என்று சொல்ல வரவில்லை. வேப்பமரத்தில் பால் வடிந்த கதையும் இல்லை. பின்னூட்டத்தில் அந்தச் சண்டையை ஆரம்பிக்க வேண்டாம்.

நான் நெவாடாவில் ரீனோ பக்கம் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். அப்பா கீதாரி. கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய், அறுத்த வயலில் கிடை போடுவார். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அய்யனார் கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து மடியில் கட்டிக்கொள்வார். நான் அமெரிக்கா கிளம்பிய அன்றைக்கும் அதே மாதிரி ஒரு பொட்டலம் என் சட்டைப்பையில் வைத்தார்.

2020 ஜூலையில் அப்பா இறந்தார். விமானங்கள் நின்றிருந்த நேரம். எப்படியோ ஒரு மீட்பு விமானத்தில் இடம் பிடித்துப் போனாலும், தூதரகம் மூடிக் கிடக்கிறது, விசா முத்திரை வாங்கித் திரும்ப முடியாது. மனைவி, குழந்தை எல்லாம் இங்கே. கொள்ளி வைத்ததை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன். பாதியில் சிக்னல் போய்விட்டது. "அமெரிக்காக்காரன் காரியத்துக்குக்கூட வரல" என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு. பேசுகிறவர்களில் இரண்டு பேர் என்னிடம் கடன் வாங்கித் திருப்பித் தராதவர்கள். அது வேறு கதை. பதினாறாம் நாளைக்குள் ஆடு மொத்தத்தையும் வந்த விலைக்கு விற்றுவிட்டான் என் தம்பி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் வேறு கதை. திருநீற்றுப் பொட்டலத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். அதற்கப்புறம் நான் சாமி கும்பிடவில்லை.

அடுத்த வருஷம் அக்டோபர். கால்டோர் காட்டுத்தீயின் புகை ஒருவழியாகத் தணிந்திருந்தது. உடன் வேலை பார்க்கும் ஒருவர் பாஸ்க் வம்சாவளி. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கிற மலைநாட்டுக்காரர்கள் அவர்கள். அவருடைய தாத்தா இந்த மலைகளில் ஆடு மேய்த்தவராம். என் அப்பாவும் ஆடுதான் மேய்த்தார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்திருந்து, ஒரு சனிக்கிழமை மவுன்ட் ரோஸ் பக்கம் கூட்டிப்போனார். எந்தத் தோப்பு என்று கேட்காதீர்கள். இடத்தை வெளியில் சொன்னால் அடுத்த மாதமே எவனாவது பழைய எழுத்தின் மேல் தன் காதலி பெயரை வெட்டிவிட்டுப் போவான்.

ஆஸ்பென் பார்க்காதவர்களுக்கு: வெள்ளை வெளேரென்ற வழவழப்பான பட்டை. தடவினால் கையில் மாவு ஒட்டும். இலைக்காம்பு தட்டையாக இருப்பதால் காற்று லேசாக அசைந்தாலே எல்லா இலையும் சிலிர்க்கும். கண்ணை மூடிக்கொண்டால் நம்மூர் அரசமரத்தடியில் நிற்கிற மாதிரிதான் இருக்கும். அக்டோபரில் இலை மொத்தமும் மஞ்சள்.

அந்தப் பட்டையில் கறுப்புக் கறுப்பாக எழுத்துகள். பெயர், வருஷம், ஊர். முதலில் பார்த்தது ஒரு நிர்வாணப் பெண்ணின் படம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்தி வாசகம் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். நான் பார்த்தவரை பாதி பெயர்கள், கால்வாசி இந்த மாதிரிப் படங்கள், மிச்சம் முதலாளியைத் திட்டியவை, வீடு, குதிரை. சிலுவை ஒன்றிரண்டுதான். 20 வயசுப் பையன், மாதக்கணக்கில் தன்னந்தனியாக மலையில் கிடந்தால் வேறென்ன வரைவான்? நியூ மெக்சிகோ, கொலராடோ பக்கம் ஸ்பானிய மொழி பேசும் உள்ளூர் ஆட்டுக்காரர்கள் கீறியதில் சிலுவையும் கோயிலும் அதிகம் என்று நண்பர் சொன்னார்.

என்னை நிறுத்தியது எழுதிய விஷயம் இல்லை, எழுதிய விதம். ஆழமாக வெட்டினால் மரம் காயத்தை மூட வீங்கி எழுத்தைக் கெடுத்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கத்தி முனையால் மயிரிழை மாதிரி ஒரு கோடு மட்டும் இழுப்பார்களாம். கீறிய அன்றைக்குப் பார்த்தால் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அப்புறம் மரம் அந்தக் கோட்டை வடுவாக்கும், கறுப்பாக்கும். மரம் பருக்கப் பருக்க எழுத்தும் அகலமாகும். உயரம் மட்டும் ஏறாது. ஆள் நெஞ்சு உயரத்தில் எழுதியது நெஞ்சு உயரத்திலேயே நிற்கும். ஆக, எழுத்தைக் கறுப்பாக்கிப் படிக்க வைத்தது மரம். அடுத்த கோடையில் அதே வழியில் ஆடு ஓட்டி வந்தால்தான் தான் எழுதியதை அவனே பார்க்க முடியும். வராமலே போனவர்கள் எத்தனையோ பேர்.

ஒரே பெயர் மூன்று மரத்தில் இருந்தது. 1952, 1953, 1954. அதற்குப் பிறகு இல்லை. செத்துவிட்டானோ என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். 1950களில் ஆட்டுக்காரர்கள் தட்டுப்பாட்டுக்காக அமெரிக்கா தனிச் சட்டம் போட்டு பாஸ்க் ஆட்களைக் கொண்டுவந்தது, மூன்று வருஷ ஒப்பந்தம், முடிந்ததும் ஊருக்குப் போயிருப்பான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் எச்1பி விசாவும் மூன்று மூன்று வருஷக் கணக்குதான்.

அந்த மூன்றாவது மரத்தில், வருஷத்துக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு சிலுவை. குறுக்குக்கோடு ஒரு பக்கம் கோணல். வடு உதடு மாதிரித் தடித்து, நடுவில் பிளந்து, அதற்குள் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. சிலுவை எனக்குப் பழக்கமில்லாத சாமி. ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டுதான். அவருடைய கையெழுத்து என்றால் ஆட்டுக் காதில்தான். எங்கள் கிடை ஆடு என்று தெரிய இடது காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. கத்தியை ஒரு தடவைதான் வைப்பார். குட்டி வளர வளர வெட்டும் கூடவே வளரும். தம்பி விற்ற ஆடுகளின் காதில் அந்த வெட்டு இருந்திருக்கும். யார் யார் வீட்டுக்கோ போயிருக்கும். அவர் எழுதியதெல்லாம் அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார், கணக்கு தப்பானால் "நீ ஆடு மேய்க்கத்தாண்டா லாயக்கு" என்பார். அப்பா நிஜமாகவே ஆடு மேய்ப்பவர் என்று தெரிந்தேதான் சொல்வார். சாயங்காலம் பட்டியடைக்கும்போது முன்னூறு உருப்படி வாசலில் முண்டியடித்து நுழையும். ஒன்று குறைந்தாலும் அப்பா சொல்லிவிடுவார், எது என்றும் சொல்லிவிடுவார். அந்த வாத்தியார் எண்ணிக் காட்டட்டும். இன்றைக்கும் இங்கே நம்மவர்கள் வீட்டு விருந்துகளில் பிள்ளைகளை அதே வாக்கியத்தால்தான் மிரட்டுகிறார்கள். ரீனோவிலோ, பூங்காவில் பாஸ்க் ஆட்டுக்காரனுக்கு ஒரு நினைவுச்சின்னமே வைத்திருக்கிறார்கள், 1989இல். அதற்கு வைத்த பெயரும் 'தனிமை'தான்.

இந்தக் கீறல்களைப் பதிவு செய்யவே வாழ்நாளைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஹோஷே மல்லேயா ஓலயெச்சே என்ற வரலாற்றாசிரியர் ஆயிரக்கணக்கான மரங்களைத் தேடித் தேடிக் குறித்துவைத்தார். மெல்லிய துணியைப் பட்டைமேல் விரித்து மெழுகு தேய்த்துப் படி எடுத்தவர்களும் உண்டு. அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பென் தண்டு பெரும்பாலும் நூறு வருஷத்தைச் சுற்றித்தான் நிற்கும். அப்புறம் விழுந்து மக்கும். வேர் சாகாது, பக்கத்திலேயே புதுத் தண்டு விடும். யூட்டாவில் பாண்டோ என்று ஒரு தோப்பு, 106 ஏக்கர், ஏறக்குறைய 47,000 தண்டுகள், எல்லாம் ஒரே வேர். ஆனால் புதுத் தண்டில் பழைய எழுத்து வராது.

இதைப் படித்துவிட்டு யாரும் கத்தியோடு கிளம்ப வேண்டாம். தேசியக் காடுகளில் இப்போது மரத்தில் கீறுவது குற்றம். கீறல் வழியாகப் பூஞ்சை புகுந்து மரமே பட்டுப்போகவும் வாய்ப்புண்டு. 'அப்படியென்றால் அவர்கள் செய்தது மட்டும் சரியா' என்று கேட்பீர்கள். சரி என்று சொல்லவில்லை. பேச ஆளில்லாதவர்கள் செய்தது. ஊரிலேயே அவர்கள் மொழியைப் பொது இடத்தில் பேசவிடாத, ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக் காலத்தில் வந்தவர்கள் அதில் நிறைய.

நம்பிக்கை வந்ததா என்று நேராகக் கேட்டால், வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன். காகிதம் பழுப்பேறியிருந்தது. கொஞ்சம் எடுத்துப் பூசிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதை மனப்பிரமை என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

அன்று ராத்திரி அந்த மூன்றாவது மரத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

"என்னடா இது, மரத்துல?"

"ஓர் ஆட்டுக்காரன் எழுதுனதும்மா. எழுபது வருஷம் இருக்கும்."

"எத்தன உருப்படி வச்சிருந்தான்?"

"ஆயிரம், ஆயிரத்தைந்நூறு இருக்கும்னு சொல்றாங்க."

"ஆத்தாடி. ஒத்த ஆளாவா?"

"ஆமா. கூட ஒண்ணு ரெண்டு நாய். வாரத்துக்கு ஒரு தடவ கோவேறு கழுதையில சாமான் கொண்டாந்து குடுப்பாங்களாம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "காச்சல் கீச்சல்னு படுத்தா, ஆட்ட யாருடா பாத்துக்கிட்டா?"