எஸ்.யூ.வி. அடியில் எஞ்சின் ஆயில் சொட்டுகிறது, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டுமா?

உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஏழு பேர் உட்காரும் வண்டி, லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது, வொர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்ததுமே ‘ரியர் மெயின் சீல் போச்சு’ (எஞ்சின் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் வளையம்) என்று கியர்பாக்ஸை இறக்க நாள் குறிக்கிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதே இடத்தில் சொட்ட வைக்கும் வேறு கோளாறுகளும் உண்டு. அவற்றில் பல கியர்பாக்ஸைத் தொடாமலே முடிகிற வேலை.

நான் மெக்கானிக் இல்லை. மச்சான் மலேசியாவில் பத்துமலைப் பக்கம் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், சனிக்கிழமையானால் அங்கே போய் டார்ச் பிடிப்பேன். இந்த மாதிரி கேஸ் அங்கே வந்துகொண்டே இருக்கும்.

முதலில் அது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் ஏர்கோன் தண்ணீர், கவலை வேண்டாம். பச்சை, நீலம், ரோஸ் நிறத்தில் இருந்தால் கூலன்ட். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கியர் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ. கியர் ஆயிலும் பழசானால் பழுப்பாகிவிடும் என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. கியர்பாக்ஸின் முன்பக்க சீல் கசிந்தாலும் சொட்டுவது அதே இடத்தில்தான். அப்படியானால் ரியர் மெயின் சீலை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

எஞ்சின் ஆயில்தான் என்று உறுதியானால், சொட்டும் இடத்தை மறந்துவிட்டு மேலே பாருங்கள். எண்ணெய் மேலிருந்து கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு வேறு எண்ணெயைத் தேக்கிவைத்து, சம்பந்தமில்லாத மூலையில் விடும். போன முறை ஆயில் மாற்றும்போது ஃபில்டரிலிருந்து சிந்தியது அந்தத் தட்டில் தங்கி, நாள்கணக்கில் சொட்டிப் பயமுறுத்துவதும் உண்டு.

அதனால் மச்சான் எந்த வண்டியானாலும் முதலில் தட்டைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரையும் இக்னிஷன் காயில்களையும் பிளாஸ்டிக் பையால் மூடி, டிகிரீசர் அடித்துக் கழுவிக் காயவிடுவார். பிறகு வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து, சூடு இறங்குவதற்குள் டார்ச்சும் கைக்கண்ணாடியுமாகப் பார்ப்பார். ஈரம் தெரிகிற இடங்களிலேயே மிக உயரமானது எதுவோ அதுதான் சந்தேகத்துக்குரிய இடம். கழுவியும் பிடிபடாவிட்டால் ஆயிலில் யூவி டை என்ற ஒளிரும் சாயத்தை ஊற்றி ஓட்டிவிட்டு, யூவி விளக்கில் பார்த்தால் கசியும் தடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். கழுவாமல், ஓட்டிப் பார்க்காமல் பார்ட்ஸ் ஆர்டர் பண்ணுகிற ஃபோர்மனிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது வால்வ் கவர் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டையை, அதிலும் கியர்பாக்ஸ் பக்கத்து ஓரத்தை. அங்கே கசிந்தால் எண்ணெய் எஞ்சின் முதுகு வழியாக இறங்கி, ரியர் மெயின் சீல் போனது போலவே சொட்டும். கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ சாலை ஜாமில் ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டியில் போனட்டுக்குள் எப்போதும் சூடுதான். அந்தச் சூட்டில் ரப்பர் இறுகிவிடும். சமீபத்தில் ஒரு வண்டியின் பழைய கேஸ்கெட்டைக் கழற்றியபோது அப்பளம் மாதிரி கையிலேயே ஒடிந்தது.

மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய சிலிகானைச் சுரண்டி எடுத்துத் துடைக்கணும். டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலைகளில் மட்டும் புது சிலிகான் கொஞ்சம் வைக்கணும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால், வண்டியின் மேனுவல் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முடுக்கணும். அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது என்று முடுக்கினால் கேஸ்கெட் பிதுங்கும், பிளாஸ்டிக் கவர் வெடிக்கும். ஸ்பார்க் பிளக் குழிகளில் எண்ணெய் நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நின்றால் அந்தச் சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

பலர் பார்க்காமல் விடுவது பிசிவி வால்வ், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சின்ன வால்வ். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் எண்ணெயை வெளியே தள்ளும். அதைக் கவனிக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் மறுபடி ஈரம் காட்டும். பல வண்டிகளில் இந்த வால்வின் விலையும் அதிகம் இல்லை.

ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் கூலர் கேஸ்கெட், டர்போ இருந்தால் அதன் ஆயில் பைப் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்க்கட்டும். ஆயில் மாற்றிய மறுநாளே ஆரம்பித்த கசிவு என்றால் ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷரைப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புது ஃபில்டரை மாட்டியிருந்தாலும் திடீரென்று நிறையக் கொட்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாரக்கணக்கில் இரண்டு மூன்று சொட்டுதான், டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை என்றால் போகலாம். கிளம்பும் முன் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள், வழியில் ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடத்தில்) நிற்கும்போதும் பாருங்கள், பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் ஒரு லிட்டர் ஆயில் இருக்கட்டும். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அது காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை. அது எரிவதற்குள் எஞ்சின் அடி வாங்கியிருக்கலாம். போனட்டிலிருந்து தீய்ந்த வாடையோ புகையோ வந்தால் எண்ணெய் எக்ஸாஸ்ட் மேல் விழுகிறது என்று அர்த்தம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

கசிவை நிறுத்தும் என்று கடையில் விற்கும் ஸ்டாப் லீக் மருந்து இறுகிய ரப்பரைக் கொஞ்சம் இளக்கி உப்ப வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலுக்கோ சிலிகான் விட்டுப்போன மூட்டுக்கோ உதவாது.

கழுவி, ஓட்டி, மேலே எல்லாம் காய்ந்திருக்க பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடு) அடி மட்டும் நனைகிறது, வருவதும் எஞ்சின் ஆயில்தான் என்றால், ஃபோர்மன் சொன்னது சரி. இறக்கட்டும். அப்போது சீலை ஒரிஜினலாகவே போடச் சொல்லுங்கள், மொத்த பில்லில் சீலின் விலை கொஞ்சம்தான், கூலிதான் பெரிசு. மேனுவல் கியர் என்றால் கிளட்சையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். அதற்காக இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்கக் கூலி கொடுக்க வேண்டாம்.