கண்புரைச் சத்திரசிகிச்சை: எந்த வில்லையை வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 67. வெள்ளவத்தையில் இருக்கிறேன். 12 வருடமாகச் சீனி வருத்தம். சிறுநீர்ப் பிரச்சினைக்கு இரவில் டாம்சுலோசின் குளிசை எடுக்கிறேன். இரண்டு கண்ணிலும் கண்புரை. தனியார் வைத்தியசாலையில் மூன்று விலையில் மூன்று வில்லை சொன்னார்கள். விலை கூடிய மல்ட்டிபோக்கலை வைத்தால் கண்ணாடியே தேவைப்படாது என்கிறார் கனடாவில் இருக்கும் மகன். உறவினர்களை ஏற்றிவர இரவில் கட்டுநாயக்கவுக்கு நானே வாகனம் ஓட்டுவேன். வலது கண்ணின் அளவுத்தாளில் நீளம் 23.4 மி.மீ., கே1 43.00, கே2 44.75 (175 பாகை) என்று இருக்கிறது. எதைத் தெரிவு செய்வது?

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த அளவுத்தாளிலேயே இருக்கிறது. மீதி உங்கள் விழித்திரையில் இருக்கிறது. அதை ஸ்கான் எடுத்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை.

முதலில் தாளைப் பார்ப்போம். கே1, கே2 என்பவை கருவிழிப் படலத்தின் வளைவு. இரண்டுக்கும் இடையே 1.75 டயொப்டர் (பவரை அளக்கும் அலகு) வித்தியாசம் இருக்கிறது. கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்று எழுதுவது இந்தக் குறையைத்தான். உங்களுக்குக் கூடிய வளைவு 175 பாகையில், அதாவது கிட்டத்தட்டக் கிடையாக விழுந்திருக்கிறது. படலத்தின் பின்பக்கம் பெரும்பாலானோருக்கு இதே திசையில் இந்தக் குறையை இன்னும் கொஞ்சம் கூட்டிவிடும். ஆகவே ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் சாதாரண மொனோபோக்கல் வில்லையை வைத்தால் புரை போய்விடும், ஆனால் கண்ணாடி இல்லாமல் தூரப் பார்வை தெளியாது. முன்னால் போகும் பஸ்ஸின் இலக்கத்தகடு இழுபட்டுத் தெரியும். இந்தக் குறையைத் திருத்துவதுதான் டோரிக் வில்லை. உங்கள் கண்ணுக்கு மேலதிகமாகப் பணம் செலவழிப்பதென்றால் அதற்குச் செலவழியுங்கள்.

டோரிக் வில்லைக்குப் பவர் மட்டும் போதாது, அச்சும், அதாவது அதை வைக்கும் திசையும், சரியாக இருக்க வேண்டும். ஒரு பாகை திரும்பினால் திருத்தத்தில் ஏறக்குறைய 3.3 வீதம் போய்விடும். 10 பாகை திரும்பினால் மூன்றில் ஒரு பங்கு. 30 பாகையில் பலன் முழுவதும் போய்விடும். நாம் படுக்கும்போது கண் சற்றுச் சுழலும். அதனால் படுக்க வைப்பதற்கு முன்பே, உங்களை நிமிர்ந்து உட்கார வைத்துக் கண்ணின் ஓரத்தில் மையால் குறியிடுவார்கள். சில இடங்களில் கணினி வழிகாட்டல் உண்டு. “அச்சை எப்படிக் குறிக்கிறீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள். வில்லை திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் சில மணித்தியாலங்களிலோ நாட்களிலோதான் திரும்பும். மறுநாள் பரிசோதனையைத் தவற விடாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள்.

இனி மல்ட்டிபோக்கல். மகனின் அக்கறை புரிகிறது, ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த வில்லை, கண்ணுக்குள் வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பிரிக்கிறது. ஒரு பிம்பத்தைப் பார்க்கும்போது மற்றது மங்கலாக மேலே படிந்திருக்கும். பகலில் அது பெரிதாகத் தெரியாது. இரவில் நீர்கொழும்பு வீதியில் எதிரே வரும் ஒவ்வொரு ஹெட்லைட்டைச் சுற்றியும் வளையம் தெரியும். சில மாதங்களில் பலருக்கு அது பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. அதைவிட முக்கியம் உங்கள் சீனி வருத்தம். மங்கலான வெளிச்சத்தில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பிரித்தறியும் திறனை இந்த வில்லை கொஞ்சம் குறைக்கும். பின்னாளில் விழித்திரையும் பழுதானால் இழப்பு இரட்டிப்பாகும். பிடிக்கவில்லை என்று பிறகு எடுப்பதும் எளிதல்ல. மாதங்கள் போகப் போக வில்லை, கண்ணுக்குள் அதைத் தாங்கும் பையோடு ஒட்டிக்கொள்ளும்.

நடுத்தர விலையில் சொன்னது ஈடொஃப் வகையாக இருக்கலாம். தூரமும் கணினித் தூரமும் நன்றாகத் தெரியும், வளையம் குறைவு, பத்திரிகையின் சிறிய எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும். விழித்திரை சுத்தமாக இருந்தால் யோசிக்கலாம். இருந்தாலும் இரவில் ஓட்டுபவருக்கு என் தெரிவு டோரிக் மொனோபோக்கல்தான். வாசிக்க 2.50 அளவில் ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட முன்னர், விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கான் எடுங்கள். விழித்திரையின் மையத்தில் வீக்கம் இருந்தால் அதற்கே முதலில் சிகிச்சை. அதை விட்டுவிட்டுப் புரையை எடுத்தால் வீக்கம் கூடலாம். அப்போது எந்த வில்லையாலும் பார்வை தெளியாது.

அளவையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீளத்தில் 1 மி.மீ. பிழைத்தால் பவரில் இரண்டரை முதல் மூன்று டயொப்டர் வரை பிழைக்கும். ஒளியால் அளக்கும் கருவி கண்ணைத் தொடாது. கண்ணைத் தொட்டு அளக்கும் அல்ட்ராசவுண்ட் முனையைச் சற்று அழுத்திவிட்டால் கண் குட்டையாகப் பதிவாகி, தேவைக்கு மேற்பட்ட பவர் வந்து, தூரம் மங்கிவிடும். கண் உலர்ந்திருந்தால் கே அளவுகள் நாளுக்கு நாள் மாறும். அப்படியென்றால் சில வாரம் கண்ணீர்த் துளி மருந்து போட்டுவிட்டு மறுபடி அளப்பது நல்லது. டோரிக்கை முடிவு செய்ய இரண்டு அளவுகளாவது ஒத்துவர வேண்டும்.

மஞ்சள் நிற வில்லை விழித்திரையைக் காப்பாற்றும் என்று யாராவது மேலதிகப் பணம் கேட்டால், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை இன்றைய வில்லைகளில் பொதுவாகவே இருக்கிறது. கூர்விளிம்புள்ள ஹைட்ரோபோபிக் அக்ரிலிக் வில்லையா என்று மட்டும் கேளுங்கள். பின்னால் பை மங்குவது அதில் குறைவு. மங்கினாலும் வில்லையை மாற்றத் தேவையில்லை, யாக் லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்யலாம்.

செலவு கடினமென்றால், லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அரச வைத்தியசாலைகளில் வழக்கமாக வைப்பது மொனோபோக்கல். மிச்சமாகும் சிலிண்டரைக் கண்ணாடியால் திருத்தலாம். அது குறைவான சிகிச்சை அல்ல.

டாம்சுலோசின் எடுப்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் குளிசையால் கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரை தளர்ந்து, சத்திரசிகிச்சையின் நடுவில் கண்மணி சுருங்கலாம். முன்பே தெரிந்தால் அதற்குரிய மருந்தும் கொக்கிகளும் தயாராக இருக்கும். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம்; நிறுத்தினாலும் அந்த விளைவு நெடுநாள் இருக்கும்.

இரண்டாவது கண்ணுக்கு அவசரப்படாதீர்கள். முதல் கண்ணின் பார்வை சில வாரங்களில் நிலைத்ததும், வந்த பவரைப் பார்த்து அடுத்த வில்லையைத் திருத்தமாகக் கணிக்கலாம். வில்லையின் மாதிரி, பவர், தொடர் இலக்கம் உள்ள ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு வையுங்கள்.