மண்ணுக்கு மாற்றியதும் வாடும் வெற்றிலைக் கொடி

பாட்டில் தண்ணீரில் வேர்விட்ட வெற்றிலைக் கொடி, தொட்டி மண்ணுக்கு மாற்றியதும் வாடுகிறது, பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடியைப் பிடுங்கி மறுபடி தண்ணீரில் போடாதீர்கள். தொட்டியோடு சேர்த்து, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் ஒரு வாரம் வையுங்கள். பெரிய இலைகளில் ஒன்றிரண்டைக் கிள்ளிவிடலாம்.

பாட்டிலில் வேர் ஒரு சாண் வளர்ந்த பிறகு நட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அநேகமாக அங்கேதான். தண்ணீரில் வளர்ந்த வேரில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் வேர்த்தூவிகள் குறைவு. புது வேர் வரும்வரை, இலைகள் இழக்கும் நீரை இந்த வேரால் ஈடுகட்ட முடியாது. அடுத்த முறை வேர் 3 செ.மீ. வந்ததுமே நட்டுவிடுங்கள்.

சரி, பிழைக்குமா? தண்டின் அடியை லேசாக அழுத்திப் பாருங்கள். பச்சையாக, கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். கறுத்துக் கொழகொழவென்றிருந்தால் அழுகல். அதற்கு மேலே நல்ல கணு உள்ள துண்டை நறுக்கி, தேங்காய் நார்த்தூளும் மணலும் கலந்து நடுங்கள். அப்புறம், மண் சேறாக விரலில் ஒட்டினால் தண்ணீரை நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: கோலாலம்பூர் செந்தூலில், அடுக்குமாடிக் கொண்டோவில் மேற்குப் பார்த்த பல்கனி என்கிறீர்கள். பிற்பகல் வெயில் பையின் மேல் பட்டால் செடி உள்ளேயே வெந்துவிடும். தினமும் சற்று நேரம் பையைத் திறந்தும் விடுங்கள். கோலாலம்பூரின் ஈரக்காற்று வெற்றிலைக்கு அருமையாக ஒத்துப்போகும், கைவிட்டுவிடாதீர்கள். நுனியில் தளிர் விரியத் தொடங்கினால் பையை எடுத்துவிடலாம்.