"நண்பர்" என்றுதான் சொன்னார்கள்: துக்கத்தில் இருக்கும் எல்ஜிபிடி முதியவர்கள் பற்றிய கேள்வி பதில்

முதியவர்களோடு நெடுங்காலமாக வேலை செய்யும் சமூகப் பணியாளர் நான். துணையையோ தோழமையையோ இழந்து நிற்கும் தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் முதியவர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். நான் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி (முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்தவர்): அக்கா, எங்கள் இல்லத்தில் 76 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய 'நண்பர்' இறந்து இரண்டு மாதம் ஆகிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவர்கள். இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை, யாருடனும் பேச்சில்லை. இருவரும் துணைவர்களாக வாழ்ந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நேரடியாகக் கேட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நாமாகப் பிடுங்கக் கூடாது. அவர் வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1973இல்தான். உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990இல். அவர் இளைஞராக இருந்தபோது விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், வீடு போகும், சிகிச்சை என்ற பெயரில் சித்திரவதையும் நடக்கும். மறைத்து மறைத்துத்தான் அந்தத் தலைமுறை உயிர் பிழைத்தது. அதை ஒரு சந்திப்பில் விட்டுவிடு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

உறவுக்குப் பெயர் கேட்காமல் அந்த மனிதரைப் பற்றிக் கேளுங்கள். அவர் பெயர் என்ன, எப்படிப் பழக்கமானீர்கள், வீட்டில் யார் சமைப்பீர்கள், கடைசி நாட்களில் யார் கூட இருந்தது? பெரியவர் "நண்பர்" என்றால் நீங்களும் நண்பர் என்றே சொல்லுங்கள். ஆனால் குரலில் அந்த இழப்புக்கு உரிய எடை இருக்கட்டும். "முப்பது வருடம் கூடவே இருந்தவர் போய்விட்டால் வீடே வேறு மாதிரி ஆகிவிடும் இல்லையா ஐயா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அநேகமாக அவர் அழுவார். இரண்டு மாதத்தில் ஒருவர் முன்னால் அழுவது அதுவே முதல் முறையாக இருக்கலாம். சாப்பாடு குறைந்திருப்பதை மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள், வேறு உடல் காரணம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ஒரு விஷயம், இதை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருடைய கோப்பில் நானாகவே "துணைவரை இழந்தவர்" என்று எழுதிவிட்டேன். பார்க்க வந்த அவருடைய அண்ணன் மகன் கண்ணில் அது பட்டது. அதற்கப்புறம் அந்தப் பையன் வரவே இல்லை. பெரியவர் என்னைத் திட்டவில்லை, என்னிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் "இதைக் கோப்பில் எழுதலாமா, எந்தச் சொல்லில் எழுதட்டும், யார் யாருக்குத் தெரியலாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.

கேள்வி (சமூகப் பணி முதுகலை மாணவி): மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்தின் ஐந்து கட்டங்களைப் படித்திருக்கிறோம். இவர்களுக்கும் அதையே வைத்துப் பார்க்கலாமா மேடம்?

பதில்: மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்து கட்டங்களை எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்து. இழந்து நிற்பவர்களுக்கு அது படிக்கட்டு மாதிரி பொருந்தாது. உங்களுக்கு இரண்டு கருத்துகள் உதவும்.

ஒன்று, துக்கம் பற்றி ஆய்ந்த கென்னத் டோக்கா 1989இல் விரித்து எழுதியது: ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம். இழப்பு உண்மை, வலி உண்மை, ஆனால் அழுவதற்கு உனக்கென்ன உறவு என்று ஊர் கேட்கிறது. துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை, விடுப்பு கிடைப்பதில்லை, இறுதிச் சடங்கில் முன்வரிசை கிடைப்பதில்லை.

இன்னொன்று, ஸ்ட்ரோபே, ஷூட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் சொன்ன இரட்டை ஓட்டம். துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பில் மூழ்குவார், ஒரு நேரம் வங்கி, வீடு, சமையல் என்று அன்றாட வேலைக்கு வருவார். இந்தப் போய் வருதல்தான் ஆரோக்கியம். நம் முதியவர்களுக்கு இங்கேதான் சிக்கல். அன்றாட வேலைக்குத் திரும்பினால் அங்கேயும் அடி விழுகிறது. வீடு இறந்தவர் பெயரில், கணக்கு அவர் பெயரில், உறவினர் சாவி கேட்டு வாசலில் நிற்கிறார். மற்றவர்களுக்கு மூச்சு வாங்க உதவும் பக்கமே இவர்களுக்கு இன்னொரு இழப்பு ஆகிறது. ஆகவே வீட்டு ஒப்பந்தத்தைப் பார்ப்பதும் வழக்கறிஞரைத் தேடித் தருவதும்கூட துக்கத்துக்கான உதவிதான். பேச வைப்பது மட்டும் போதாது.

கேள்வி (71 வயதுப் பெண்): என் துணைவி போன வருடம் இறந்துபோனாள். இருபத்தொன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். அவளுடைய அண்ணன்கள் வந்து உடலை எடுத்துப் போனார்கள். நான் தோழி என்ற பெயரில் கடைசி வரிசையில் நின்றேன். அவளுடைய பொருட்களையும் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு வருடம் ஆகியும் என்னால் வெளியே வர முடியவில்லை. இது நோயா?

பதில்: அம்மா, முதலில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் துணைவி இறந்துபோனதற்கு என் ஆழ்ந்த இரங்கல். போன வருடம் இதை உங்களிடம் எத்தனை பேர் சொன்னார்களோ எனக்குத் தெரியாது.

நோயா என்று கேட்டீர்கள். நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றை மருத்துவம் ஏற்றிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது 6 மாதம், 2022இல் வந்த அமெரிக்க வகைப்பாட்டில் குறைந்தது 12 மாதம் என்று கணக்கு. ஆனால் நாள் கணக்கு மட்டும் போதாது. ஏக்கம் நாள் முழுக்கத் தீவிரமாக இருக்கிறதா, அன்றாட வாழ்க்கையே நின்றுபோய்விட்டதா என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உங்களை அழவே விடாத ஒரு வருடம் அது. அதைத் துக்கத்துக்குக் கிடைத்த காலமாக நான் கணக்கில் எடுக்க மாட்டேன். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சடங்குக்குக் காலம் கடந்துவிடவில்லை. உங்கள் இருவரையும் தெரிந்த ஒருவர், இருவர் இருந்தால் போதும். ஒரு நாளைக் குறியுங்கள், உங்களுக்கு மட்டும் பொருள் தெரிந்த நாளாக இருக்கட்டும். அவளைப் பற்றிப் பேசுங்கள், நீங்கள் அவளுக்கு யார் என்பதை உரக்கச் சொல்லுங்கள். படம் இல்லையென்றால் தோழிகளிடம் கேட்டுப் பாருங்கள், யாருடைய வீட்டு விழாப் படத்திலாவது இருவரும் பக்கத்தில் நிற்பீர்கள். என்னிடம் வந்த ஒரு பாட்டி தன் துணைவி கைப்பட எழுதிய கணக்கு நோட்டை வைத்துத்தான் அஞ்சலி செய்தார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஜிம் ஓபர்கெஃபல் 2013இல் நீதிமன்றம் போனது, இறக்கும் நிலையில் இருந்த தன் கணவர் ஜான் ஆர்தரின் இறப்புச் சான்றிதழில் துணைவர் என்று தன் பெயர் வர வேண்டும் என்பதற்காகத்தான். 2015இல் அந்த நாடு முழுக்கத் தன்பால் திருமணத்தை அங்கீகரித்த தீர்ப்பு அந்த வழக்கில் வந்தது. ஒரு தாளில் ஒரு வரி, அதற்காக ஒரு மனிதர் அவ்வளவு தூரம் போனார்.

கூட்டுக் கணக்கு, நியமனதாரர் படிவம், உயில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தூக்கமே இல்லை என்றாலும், வாழ வேண்டாம் என்று தோன்றினாலும் தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவரிடமோ நம்பும் ஒருவரிடமோ அப்படியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஒருவருடைய தங்கை மகள்): மாமாவுக்கு இப்போது 70 தாண்டிவிட்டது. எய்ட்ஸ் பரவிய காலத்தில் நிறைய நண்பர்களை இழந்தவர். யார் இறந்த செய்தி வந்தாலும் கல் மாதிரி ஆகிவிடுகிறார். இறுதிச் சடங்குக்கும் போவதில்லை. இரக்கம் இல்லாமல் போய்விட்டதா?

பதில்: இல்லை அம்மா. அழுது தீர்க்க நேரம் கிடைக்காத துக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. அந்த நோய் பற்றிய முதல் அறிக்கை வந்தது 1981 ஜூன் 5. உயிரைக் காக்கும் கூட்டு மருந்துகள் வந்தது 1996 வாக்கில். நடுவில் பதினைந்து வருடம். இருபது, முப்பது வயதில் வாராவாரம் மருத்துவமனைக்கும் மயானத்துக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் இறந்தவர்கள் நினைவாக ஒரு பெரிய ஒட்டுத்துணிப் போர்வையை விரித்தார்கள். அன்று அதில் 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு கல்லறையின் அளவு.

"நான் மட்டும் ஏன் பிழைத்தேன்" என்ற கேள்வி உங்கள் மாமா மனதில் இருக்கக்கூடும். சடங்குக்கு வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பதிலாக ஒரு நாள் அந்த நண்பர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களை மனதில் வைத்திருக்கும் கடைசி ஆள் தான்தான் என்ற பாரம் அவருக்குக் கொஞ்சம் குறையும்.

கேள்வி (68 வயது ஆண்): என் துணைவருக்கு மறதி நோய். சில நாள் என்னை அண்ணன் என்கிறார். சில நாள் பராமரிப்பாளர்கள் முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போதே நான் அழுவது சரியா?

பதில்: சரிதான் ஐயா. ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் நம்மை அறிந்த அந்த ஆள் இல்லை. பாலின் பாஸ் என்ற அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று சொல்லி 1970களிலிருந்து எழுதி வருகிறார். முடிவு தெரியாததால் துக்கமும் முடியாமல் தொங்குகிறது. இது உங்கள் பலவீனம் இல்லை.

இரகசியம் வெளியே வருவதுதான் உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று புரிகிறது. அவருக்கு மறைக்கும் பழக்கமே மறந்துவிட்டது, நீங்கள் மட்டும் அந்தக் காவலில் தனியாக நிற்கிறீர்கள். பராமரிப்பாளர்களில் நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டும் பேசுங்கள். அவர் வேலைக்கு வரும் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். "அண்ணன்" என்றால் திருத்த வேண்டாம். அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் ஒரு மனிதருக்கு அவர் வைத்த பெயர் அது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவருடைய சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் உரிமையை உங்கள் பெயரில் எழுத்தில் வாங்க இன்னும் வழி இருக்கிறதா என்று உடனே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவருக்குப் புரிந்து ஒப்புக்கொள்ளும் திறன் இருக்கும்வரைதான் பல இடங்களில் அது செல்லும்.

கேள்வி (திருநங்கை, வயது 63): என் தோழியை அவள் வீட்டார் ஆண் உடை போட்டு, பழைய பெயர் சொல்லி அடக்கம் செய்தார்கள். எனக்கும் அப்படித்தான் ஆகுமோ?

பதில்: உங்கள் தோழியை இரண்டு முறை பறிகொடுத்திருக்கிறீர்கள். அவளுடைய உண்மையான பெயரைச் சொல்லித் தோழிகள் கூடி ஓர் அஞ்சலி செய்யுங்கள்.

உங்களுக்காக: என்ன உடை, எந்தப் பெயர், யார் முன்னின்று செய்வது என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாட்சி வைத்து, பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள். அடையாளப் பத்திரங்களில் பெயர் மாற்றம் பாக்கி இருந்தால் முடித்துவிடுங்கள். சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் தகராறு வரும் நேரத்தில் கையில் ஒரு தாளோடு நிற்பவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

கேள்வி (இல்ல நிர்வாகி): துணையை இழந்தோருக்கு ஒரு குழு நடத்துகிறோம். இவர்களுக்குத் தனிக் குழு வேண்டுமா?

பதில்: முடிந்தால் நல்லது. நான்கு பேர்கூடச் சேரவில்லையென்றால் பொதுக் குழுவிலேயே இடம் செய்யுங்கள். தொடக்கத்தில் "கணவர், மனைவி, துணை, நண்பர், யாரை இழந்திருந்தாலும் இங்கே உட்காரலாம்" என்று நடத்துபவர் சொல்ல வேண்டும். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். யாராவது புண்படும்படி பேசினால் அந்த நிமிடமே நடத்துபவர் குறுக்கிட வேண்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த ஆள் அடுத்த வாரம் வரமாட்டார். சேர்க்கைப் படிவத்தில் "திருமணமானவரா" என்பதோடு "உங்களுக்கு மிக நெருக்கமானவர் யார்?" என்று ஒரு வரி சேருங்கள்.

கேள்வி (சமூகப் பணியாளர்): நானும் தன்பாலீர்ப்பாளன்தான். அவர்களிடம் சொல்லலாமா?

பதில்: சொல்வது அவருக்கு உதவுமா, உங்களுக்கு ஆறுதலா என்று முதலில் உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசிப் பாருங்கள். நான் பார்த்தவரை, சிலர் அதைக் கேட்டதும் மனதைத் திறக்கிறார்கள். சிலர் பயப்படுகிறார்கள், உங்களோடு பேசுவதைப் பார்த்தால் தங்களைப் பற்றியும் தெரிந்துவிடும் என்று. முதல் சந்திப்பில் வேண்டாம். பின்னால் ஒரு நாள் அவரே கேட்டால், ஒரே வரியில் ஆமாம் என்று சொல்லிவிட்டு, பேச்சை இறந்துபோனவரிடம் திருப்பிவிடுங்கள்.