எடை குறைய என்ன செய்யலாம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

உணவு ஆலோசகராகப் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் பாதி "எந்த டயட் நல்லது" என்பதுதான். எந்த டயட்டின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. இப்போது சாப்பிடுகிற சாப்பாட்டிலேயே எதைக் கொஞ்சம் மாற்றினால் அடுத்த வருடமும் அதை உங்களால் தொடர முடியும் என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும், அது பழகின பிறகு அடுத்தது.

மேடம், துணிக்கடையில் வேலை. ஒரு நாளைக்கு நாலு டீ. டீயை விடச் சொன்னால் என்னால் முடியாது.

விட வேண்டாம் தம்பி. டீயில் பிரச்சினை இல்லை, அதில் விழுகிற சர்க்கரையில்தான் இருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர் "ரெண்டே ஸ்பூன்தான் போடுகிறேன்" என்றார். அடுத்த முறை வரும்போது வீட்டு ஸ்பூனையே எடுத்து வரச் சொன்னேன். அவர் வழக்கமாகப் போடுகிற மாதிரி குவித்து அள்ளச் சொல்லித் தராசில் வைத்தால், ஒரு ஸ்பூன் 8 கிராம் காட்டியது; தலை தட்டின ஸ்பூனுக்கு 5 கிராம் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். நாலு டீ, எட்டு ஸ்பூன், 64 கிராம் சர்க்கரை. கலோரியில் 250க்கு மேல். சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த வாரம் கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்லிப் பழகுங்கள். முதல் நாலைந்து நாள் சப்பென்று இருக்கும், அப்புறம் நாக்கு பழகிவிடும், பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி தெரியும். டீயோடு வடை எடுக்கிற பழக்கம் இருந்தால் அதை இப்போது தொடாதீர்கள், அது அடுத்த மாத வேலை.

சோற்றை நிறுத்திவிட்டு ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டால் எடை குறையுமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்று எண்ணெய் தடவாமலே கிட்டத்தட்ட 100 கலோரி, 100 கிராம் சோறு சுமார் 130 கலோரி. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டால் ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டதை விட அதிகமாகத்தான் போகும். கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் அதிகம், அது உண்மை. ஆனால் கணக்கு அளவில்தான் இருக்கிறது.

நம் வீடுகளில் அளவு தப்புகிற இடம் எது தெரியுமா? குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. ஒவ்வொன்றும் "கொஞ்சம்தான்", கூட்டினால் மூன்று கிண்ணம். அதனால் சோற்றை நிறுத்தச் சொல்ல மாட்டேன். குழம்புக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். பொரியலை முதலில் தட்டில் வையுங்கள், சோற்றைக் கடைசியில் வையுங்கள். முதலில் சோறு வந்துவிட்டால் காய்க்குத் தட்டின் ஓரம்தான் மிஞ்சும். கூடவே பருப்போ முட்டையோ சுண்டலோ இருந்தால் நாலு மணிக்குப் பசிக்காது.

அக்கா, நான் தனியாக எதுவும் சமைத்துக்கொள்ள முடியாது. மாமியார், கணவர், ரெண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே சமையல்தான். மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் ஆகிறது.

தனிச் சமையல் வேண்டவே வேண்டாம் அம்மா, அது பத்து நாள்கூட ஓடாது. நீங்களே எண்ணெய்க் கணக்கைச் சொல்லிவிட்டீர்கள், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். ஐந்து பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர். அரை லிட்டர் போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, அது தட்டில் கண்ணுக்கே தெரியாது, வயிறும் நிறையாது.

பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். வாணலியில் பாக்கெட்டிலிருந்தோ தூக்கிலிருந்தோ நேராகச் சாய்க்காமல் ஸ்பூனால் அளந்து விடுங்கள். தோசைக்கல்லுக்குப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும். அடுத்த மாதம் நாலு லிட்டர், அதற்கடுத்து மூன்று என்று இறக்குங்கள், ஒரேயடியாகக் குறைத்தால் ருசி மாறி வீட்டில் சண்டை வரும். மெதுவாகக் குறைத்தால் மாமியாருக்கும் நல்லது, அவர் கவனிக்கக்கூட மாட்டார்.

இன்னொன்றும் கேட்கிறேன், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கிற அரை இட்லி, கடைசி வாய் நெய்ச்சோறு எல்லாம் எங்கே போகிறது? "வீணாகக் கூடாது" என்று நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்றால், முதலிலேயே அவர்களுக்குக் குறைவாக வையுங்கள், கேட்டால் மறுபடி வைக்கலாம்.

கல்லூரி இரண்டாம் வருடம். உயரம் 158 செ.மீ., எடை 52 கிலோ. சொந்தக்காரர்கள் குண்டு என்கிறார்கள். மூன்று வாரமாக ராத்திரி பழம் மட்டும். முடி கொட்டுகிறது.

தங்கச்சி, உன் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற கணக்கு, 21க்குக் கீழே. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்று வைத்திருக்கிறோம், நீ அதற்கு வெகு தூரத்தில் நல்ல எடையில் இருக்கிறாய். நீ எடை குறைக்கவே வேண்டாம். இன்று ராத்திரியே இட்லி சாம்பார், முட்டை என்று ஒழுங்காகச் சாப்பிடு. புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் முடி கொட்டும், ஒரு முறை ஹீமோகுளோபின் பார்த்துவிடு. சாப்பிட உட்கார்ந்தாலே பயமாக இருக்கிறது என்றால் அதை அம்மாவிடமோ மருத்துவரிடமோ மறைக்காமல் சொல். கல்யாண வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைக்காக நீ பட்டினி கிடப்பதை நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை.

58 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். இரவு உணவை விட்டுவிடலாமா?

ஐயா, மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடும், அது ஆபத்து. இரவு உணவை ஏழரை மணிக்குக் கொண்டுவந்து, முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடங்கள். சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரையை அந்த நடையே குறைக்கும்.

தேனும் எலுமிச்சையும் வெந்நீரில் குடித்தால் கொழுப்பு கரையுமா?

கரையாது. ஒரு மேசைக்கரண்டி தேன் சுமார் 60 கலோரி, அதுவும் சர்க்கரைதான். பிடித்திருந்தால் தேன் இல்லாமல் குடியுங்கள்.

தைராய்டு இருப்பதால் என்ன செய்தாலும் குறையாது என்கிறார்களே?

மாத்திரை சரியான அளவில் இருந்து டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனை அளவு) கட்டுக்குள் வந்துவிட்டால் மற்றவர்களைப் போலவே குறையும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்.

மூன்று மாதமாகத் தினமும் நடக்கிறேன், டீயில் சர்க்கரை குறைத்துவிட்டேன், ஒரே ஒரு கிலோதான் இறங்கியது. எல்லாம் வீணா?

வீண் இல்லை, இதை நம்பிக்கையோடு சொல்கிறேன். நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்து, சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டிலும் நடையிலும் மிதமான மாற்றம் செய்தவர்களுக்கு நீரிழிவு வருகிற வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை! தராசு காட்டாத வேலை உள்ளே நடக்கிறது.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி, அதனால் மெதுவாகத்தான் போகும். வேகமாகக் குறைகிற முதல் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். தினமும் எடை பார்க்காதீர்கள். வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய்வந்து எதுவும் சாப்பிடும் முன் பாருங்கள். மாதவிடாய் நெருங்கும் வாரம் தண்ணீர் கோத்து எடை கூடக் காட்டும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தொப்புள் மட்டத்தில் டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்து மணி நேரத் தூக்கம் என்றால் மறுநாள் பசி கூடும், இனிப்பைக் கை தேடும், அதையும் பாருங்கள்.

அப்பாவுக்கு டிவி பார்த்துக்கொண்டே முறுக்கு சாப்பிடுகிற பழக்கம். சொன்னால் கோபம் வருகிறது.

சொல்லாதீர்கள். டப்பாவை ஹாலிலிருந்து எடுத்துச் சமையலறை மேல் தட்டில் வையுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு முறுக்கு, பக்கத்தில் வறுத்த கடலையோ வெள்ளரிக்காயோ வைத்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், முடிந்தால் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். டப்பா மடியில் இருந்தால் கை போய்க்கொண்டே இருக்கும், கிண்ணம் காலியானால் பெரும்பாலும் எழுந்து போய் எடுக்க மாட்டார். கேட்டால் இன்னொன்று கொடுங்கள், கோபப்படாதீர்கள்.