பழைய வீடு: பத்திரத்தோடு தளத்தையும் பாருங்கள்

கேள்வி: கடலூரில், கடற்கரைக்கு அருகில், 1984-இல் கட்டிய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முன்கட்டு கான்கிரீட் தளம். பின்கட்டு அதற்கும் முந்தைய மெட்ராஸ் டெரஸ்; அதாவது, மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போட்ட தளம். பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்துவிட்டார். புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். குடியிருக்கப் பாதுகாப்பான வீடுதானா என்பதை எப்படி அறிவது?
– வாசகி ஒருவர், கடலூர்

பதில்: முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவருக்கோ தரகருக்கோ வேண்டியவராக இல்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சென்று காட்டுங்கள். விற்பனைக்குச் சற்று முன் பூசிய வண்ணம், விரிசலையும் துருக்கறையையும் மறைத்துவிடக்கூடும். ஆகவே குளியலறையின் மேல்தளம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி, சன்ஷேடுகளின் அடிப்புறம் ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். அங்கே தட்டும்போது பொள்ளலான ஓசை கேட்டால் உள்ளே கான்கிரீட் கம்பியை விட்டு விலகியிருக்கலாம்.

நல்ல கான்கிரீட்டில் உள்ள காரத்தன்மையே கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. கடலோரத்திலோ உப்பும் சேர்ந்துகொள்கிறது. துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பி ஓடும் வழியிலேயே கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி மூடிவிடுவது நம் ஊரில் வெகு சாதாரணம். அது மிகவும் ஆபத்தானது. உள்ளே துரு தொடர்ந்து வளர, அந்தப் பூச்சே ஒருநாள் தூங்குகிறவர் மேல் விழும். தளத்தில் சிறிது உடைத்து, புதிதாகத் தெரியும் பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். கம்பி இருக்கும் ஆழம் வரை நிறம் மாறவில்லை என்றால் அங்கே காப்பு போய்விட்டது. ஆனால் இச்சோதனை உப்பைக் காட்டாது. கடற்கரை வீடு என்பதால், கான்கிரீட் தூளில் குளோரைடு எவ்வளவு என்று ஆய்வகத்தில் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்கட்டில் மரக்கட்டைகளின் நடுப்பகுதியை விட, சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளைத்தான் சோதிக்க வேண்டும். ஓதமும் கரையானும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஒழுகலை நிறுத்துவதற்காக மேலே அடுக்கடுக்காகத் தளம் போட்டிருந்தால், அத்தனை பாரத்தையும் அந்தப் பழைய கட்டைகளே சுமக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

மின்சாரத்தில், மூன்று துளை பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை எதோடும் இணைக்கப்படாமலே இருப்பதுண்டு. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் மின்தடையையும், வயரின் காப்புறையையும் அளந்து பார்க்கச் செய்யுங்கள். ஃபியூஸ் வயரைக் காக்குமே தவிர, ஷாக் அடிக்கும் மனிதரைக் காக்காது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி (RCCB) என்ற பாதுகாப்பு சுவிட்ச் வேண்டும். குடிபுகுமுன் கட்டாயம் பொருத்திவிடுங்கள்.

கிணறு இருந்தால் நீரைப் பரிசோதியுங்கள். கழிவுநீர்த் தொட்டியை நீங்களாகத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளிருக்கும் வாயு உயிரைப் பறிக்கக்கூடியது.

சிறிது உடைத்துப் பார்க்கக்கூட விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்த வீட்டை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. சேதம் ஓரிரு இடங்களில் மட்டும் என்றால், பொறியாளர் எழுதித் தரும் பழுதுச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். தளம் முழுவதும் கம்பி அரித்திருந்தால், இடிக்கும் செலவையும் கணக்கில் கொண்டு, மனைக்கு உரிய விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.